குங்குமம் வைத்த கால்

போனது நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், ஆறு வயது மகள் அபிராமி, என் நாத்தனார் வசந்தா. 2010 மே மாதம், போன சனிக்கிழமை. அபிராமி ஒரு மாதமாகத் தூக்கத்தில் அலறிக்கொண்டிருந்தாள். யானை வயிற்றுக்கடியில் மூன்று முறை நுழைந்து வந்தால் குழந்தைக்குப் பயம் தெளியும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சிதம்பரத்துக்கு வெளியே ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் யானை வந்து நிற்கிறது என்று வசந்தா கேள்விப்பட்டு வந்தாள். உடனே கிளம்பிவிட்டோம்.

திருப்பாதிரிப்புலியூரில் காலை 6.40க்குப் பஸ். பெரியவர்களுக்குப் பதினாறு ரூபாய், குழந்தைக்கு எட்டு. இடதுபக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், வலதுபக்கம் இடம் பிடியுங்கள். எட்டு மணிக்குச் சிதம்பரம். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஆட்டோவில், அறுபது ரூபாய்.

"அறுவது ஜாஸ்திப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னா சார், பிள்ளையாருகிட்ட போறப்ப பேரம் பேசுறீங்க? நாலு நாளா ஆனைய பாக்க வர்ற சவாரிதான் நமக்கு. ஆனை புண்ணியத்துல பின் டயரு மாத்திட்டேன்" என்று சிரித்தார் டிரைவர்.

கோயில் வாசலில் முப்பது பேருக்குக் குறையாமல் வரிசை. புளியமரத்தடியில் யானை நின்றது. பெயர் காவேரியாம். நெற்றியில் பட்டை, இடது முன்னங்காலில் சங்கிலிக்கு மேலே கெட்டியாக மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. பார்த்தவுடன் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நுழைந்து வர ஒரு குழந்தைக்கு ஐம்பது ரூபாய்.

வரிசையின் பக்கத்தில் ஒரு பெண் யானைக் காலின் படத்தை அட்டையில் ஒட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கால்நடை டாக்டராம். லீவு நாட்களில் யானை வரும் இடங்களுக்கெல்லாம் போய் இப்படிப் பேசுவாராம்.

"சாமி கும்புட வந்த எடத்துல கிளாஸ் எடுக்குறாங்க பாருங்க அண்ணி" என்றாள் வசந்தா, அவர் காதில் விழும்படியே.

நானும் சும்மா இருக்கவில்லை. "எங்க நம்பிக்கையில கை வைக்காதீங்கம்மா" என்றேன்.

"நம்பிக்கையில வைக்கலம்மா. நீங்க அதோட கால்ல கை வைக்காதீங்க, புள்ளைய அடியில அனுப்பாதீங்க. அவ்ளோதான் கேக்குறேன்" என்றார் டாக்டரம்மா.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அபிராமி இரண்டு முறை நுழைந்து வந்துவிட்டாள். மூன்றாவது முறை குனிந்து உள்ளே போனபோது, அவள் வெளியே வந்ததும் நெற்றியில் வைக்கலாம் என்று முன்னங்காலிலிருந்த குங்குமத்தை விரலால் அழுத்தி வழித்தேன். குங்குமம் ஈரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது.

யானை உடம்பெல்லாம் நடுங்கியது. காலைத் தூக்கிப் பட்டென்று வைத்தது. அபிராமியின் பாவாடை ஓரம் அந்தக் காலுக்கடியில் மாட்டிக்கொண்டது. குழந்தை உள்ளே உட்கார்ந்துவிட்டாள். பாகன் கொக்கிக் கம்பை ஓங்கினார்.

"கம்ப எறக்குங்க! யாரும் கத்தாதீங்க!" என்று டாக்டரம்மா சொன்னார். "பேரச் சொல்லிக் கூப்புடுங்கண்ணே, மெதுவா."

"காவேரி... எம்மா... கால எடும்மா" என்றார் பாகன்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. யானை அந்தக் காலை மெல்லத் தூக்கி, இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. டாக்டரம்மா தவழ்ந்து போய்க் குழந்தையை இழுத்து வந்தார். பாவாடை கிழிந்திருந்தது, குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குள் கூட்டத்தில் ஒருவர், "ஆனைக்கு மதம் புடிச்சிடுச்சு, அடிங்கடா" என்று கல்லை எடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் கையிலும் ஒரு கல் இருந்தது. அவர் கையைப் பிடித்தேன். "போடுங்கங்க கீழ! அது ஒண்ணும் பண்ணல. நான்தான் அத நோவ வெச்சேன்" என்றேன்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். "இது குங்குமம் இல்லம்மா. சீழும் ரத்தமும்."

சங்கிலி அறுத்த புண். அதன்மேல் தினமும் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற எத்தனையோ பேர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நானே பார்த்தேன். எல்லோரும் பக்தியோடுதான் தொட்டோம்.

பாகன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "புண்ணு தெரிஞ்சா ஜனங்க கிட்ட வரமாட்டாங்கம்மா. பொட்டு வெச்சா கும்புடுறாங்க. நாலு நாளு நின்னுட்டா இதுக்குத் தீனி யாரு போடுவா?" டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. பையில் இருந்த மருந்தைப் போட்டு, நான்கு நாள் அங்கேயே நிழலில் நிறுத்துங்கள், தீனிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். பாகனும் தலையாட்டினார்.

டாக்டரம்மாவிடம் என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, அன்று நடராஜரைப் பார்க்காமலே திரும்பினோம். கையை எத்தனை தரம் கழுவினாலும் அந்தச் சூடு போகவில்லை.

யானை பார்க்கப் போகிறவர்களுக்கு டாக்டரம்மா சொன்னதை எழுதுகிறேன். அது உங்களைப் பார்க்கும்படி முன்பக்கமாக, இருபது அடி தள்ளி நில்லுங்கள். வால் முடி கேட்காதீர்கள், கேட்பதால்தான் பிடுங்குகிறார்கள். பழம் கொடுக்க ஆசைப்பட்டால் பிளாஸ்டிக் பை இல்லாமல் பாகன் கையில் கொடுங்கள். குழந்தையை அடியில் அனுப்பவே அனுப்பாதீர்கள். கும்பிட வேண்டுமானால் நின்ற இடத்திலிருந்தே கும்பிடலாம், பிள்ளையாருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை டாக்டரம்மா போன் செய்தார். மருந்தும் தீனியும் எடுத்துக்கொண்டு போனால் புளியமரத்தடி காலியாம். பண்ருட்டிப் பக்கம் நடத்திக்கொண்டு போனதாக டீக்கடையில் சொன்னார்களாம். சீழ் பிடித்த காலோடு அவ்வளவு தூரம் தார் ரோட்டில். அங்கேயும் ஒரு வரிசை நிற்கும், அடியில் ஒரு குழந்தை குனியும்.

பண்ருட்டியிலோ போகிற வழியிலோ இருப்பவர்கள் இதைப் படித்தால், இடது முன்னங்காலில் கெட்டியாகக் குங்குமம் வைத்த யானை எந்தத் தெருவில் நிற்கிறது என்று கீழே எழுதுங்கள். டாக்டரம்மா கிளம்பத் தயாராக இருக்கிறார். இன்றைக்கே பதில் போடுங்கள்.