கோணியில் வந்த கார்

1. மோட்டார் செக்‌ஷன்

விருத்தாசலத்தில் ஒரு அரசு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். அதிக வருஷம் இருந்தது ஃபயர் செக்‌ஷனில். செராமிக் பேட்டையில் எந்தச் சூளைக்கு என்ன பாலிசி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் மேனேஜர் என்னை மோட்டார் செக்‌ஷனுக்கு மாற்றினார். முதல் நாளே தலை கிறுகிறுத்துவிட்டது.

அப்போது கார் பிரீமியத்தை எந்தக் கம்பெனியும் இஷ்டத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. டாரிஃப் என்று ஒரு புத்தகம் இருந்தது, அதில் உள்ளதுதான் ரேட். வண்டிக்கு என்ன வயசு, இன்ஜின் எத்தனை சிசி, எந்த ஊரில் பதிவானது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட வேண்டும். பழகிவிடும் என்றார்கள். எனக்கு எங்கே பழகியது!

கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் என்னைவிட மோசம். தேர்ட் பார்ட்டி மலிவு, அதையே போடுங்கள் என்பார்கள். அது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்குத்தான், உங்கள் காருக்குச் சல்லிக்காசு வராது என்று சொன்னால், என் காசில் எவனுக்கோ ஏன் இன்சூரன்ஸ் என்று சண்டைக்கு வருவார்கள். கேட்கும்போது அதுவும் நியாயமாகத்தான் தோன்றும்.

கொளஞ்சி மட்டும் பேரம் பேசாமல், தன் காருக்கும் சேர்த்து ஃபுல் கவர் போட்டார். பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் செய்கிற சின்ன யூனிட் அவருடையது. பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். அவர் மகள் புவனாவுக்குக் காலில் பிரேஸ், பஸ் படி ஏற முடியாது. சிதம்பரத்தில் காலேஜ். தினம் அந்தக் காரில்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவார். கார் நின்றால் அவள் படிப்பும் நின்றுவிடும்.

2. கோணி

ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு கோணி மூட்டையைத் தூக்கி வந்து கவுன்ட்டரில் வைத்தார். உள்ளே கலகலவென்று சத்தம்.

"மேடம், ஒரு துண்டு வுடாம பொறுக்கியாந்துட்டன். புதுசு எப்பங்க கெடைக்கும்?"

பிரித்துப் பார்த்தால் கண்ணாடி, ஹெட்லைட், கிரில், பம்பர் எல்லாம் சில்லு சில்லாக. மகளைக் காலேஜில் விட்டுத் திரும்புகிற வழியில், பிரேக் போட்ட கரும்பு டிராக்டரின் டிரெய்லரில் பின்னாலிருந்து போய் மோதியிருக்கிறார். டிராக்டர்காரன் நிற்காமல் போய்விட்டான். இவர் ரோட்டைச் சுத்தமாகப் பெருக்கி அள்ளிக்கொண்டு, காரை மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டு நேரே எங்களிடம் வந்திருக்கிறார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பேட்டையில் அதுதான் வழக்கம். லாரியில் போன சரக்கு உடைந்தால் கடைக்காரர் உடைசலைக் கோணியில் போட்டுத் திருப்பி அனுப்புவார். துண்டு வந்து சேர்ந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றுச் சரக்கு போகும்.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. இடித்த இடத்திலேயே வந்து பார்க்கிற ஸ்பாட் சர்வே நடக்கவில்லை, வண்டியை நகர்த்தியாயிற்று, இருந்த தடயத்தையும் கூட்டி அள்ளியாயிற்று, இனி எதை வைத்து நம்புவது என்றார். கிளெய்ம் நிற்காது என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

"பரீட்ச வருதுங்க மேடம். கார் இல்லன்னா பொண்ணு வூட்டோட கெடக்கணும்" என்றார் கொளஞ்சி.

சேதத்தை மதிப்பிடக் கடலூரிலிருந்து வந்த சர்வேயர் ஷெட்டில் அந்தக் கோணியைக் கொட்டச் சொன்னார். கண்ணாடிச் சில்லுக்கு நடுவே காய்ந்த கரும்புச் சோகையும், பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பலகைத் துண்டும் கிடந்தன. காரில் ஏது பலகை? அது டிரெய்லருடையது. பானெட்டில் அதே பச்சை இழுத்திருந்தது. மோதல் உண்மை என்று எழுதிக் கொடுத்தார். மனுஷன் ரோட்டில் கிடந்த எதையுமே விட்டு வைக்காததால் பிழைத்தார்.

அதோடு குழப்பம் தீர்ந்ததா? டாரிஃப்படி கண்ணாடிக்கு முழுசாகக் கிடைக்கும், பிளாஸ்டிக்குக்குப் பாதிதான், இரும்புக்கு வண்டியின் வயசுப்படி கழிப்பார்கள் என்று விளக்கினேன்.

"எல்லாம் ஒரே இடியிலதான மேடம் ஒடஞ்சுது?" என்றார்.

வந்த பணத்துக்குப் பம்பர் இல்லாமலே காரை ஓட வைத்தார். புவனா பரீட்சை எழுதினாள்.

3. நடுரோடு

ரினீவலுக்கு வந்தபோது, போன வருஷம் கிளெய்ம் வாங்கியதால் பிரீமியத்தில் போனஸ் கழிவு கிடையாது என்றேன். உடைந்ததற்கு அபராதமா என்று கேட்டார். நான் பேச்சை மாற்றி, இனி இடித்தால் வண்டியை நகர்த்தாதீர்கள், துண்டைத் தொடாதீர்கள், முதலில் போன் செய்யுங்கள் என்று மண்டையில் ஏறும்வரை சொல்லி, என் வீட்டு நம்பரையும் கொடுத்தேன்.

புவனாவின் கடைசி வருஷப் பரீட்சை. ஒரு நாள் காலையில் நான் சாப்பாடு கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"மேடம், கொளஞ்சி பேசறன். சேத்தியாத்தோப்பு பாலத்துகிட்ட ஒரு வேன் இடிச்சிட்டுது. நீங்க சொன்னபடி வண்டிய நகத்தல. நடுரோட்லதான் நிக்கறன்."

பின்னால் பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. பொண்ணு எங்கே என்றேன்.

"உள்ளதான் இருக்குது. அடி ஒண்ணும் இல்ல. பரீட்சைக்கு நேரமாவுதுன்னு அழுவுது."

கார் ஓடுமா என்றேன். ஓடும், புதுசாகப் போட்ட பம்பர்தான் போச்சு என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கிளம்புங்கள் என்று கத்தினேன்.

"நகத்துனா கிளெய்ம் வருமா மேடம்?"

டாரிஃப் புத்தகம் ஆபீஸில் இருந்தது. கையில் இருந்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

"தெரியாதுங்க. நீங்க போங்க" என்றேன்.

ஆபீஸில் என் சீட்டில் இப்போது உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ரேட்டைச் சொல்லுங்கள், கவரைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், எதற்காகக் கார் வாங்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சாயங்காலம் கொளஞ்சி ஆபீஸுக்கு வந்தார். புவனா எழுதிவிட்டாளா என்று கேட்டேன். எழுதிவிட்டாள் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கோணியை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார்.

"திரும்பி வரப்ப ரோட்டோரமா கெடந்துது மேடம். மனசு கேக்கல."