சுகுணா குடிவந்த இடம்

சேலத்தில் சுகுணா முதன்முதலாகக் குடியிருந்த வீட்டுக்குள் ஐப்பசி மழையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அந்தத் தெருவில் சொட்டுத் தண்ணீர் நிற்காது என்று வீட்டுக்காரர் சாமி படத்தைத் தொட்டுச் சொல்லியிருந்தார். அதன் பிறகு யார் எதைச் சொன்னாலும் சுகுணா முதலில் சொன்னவர் முகத்தைப் பார்ப்பாள். தராசுத் தட்டின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் தக்காளி வாங்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் மகள் மலரை டீச்சர் புகழ்ந்தால், எதற்கு அடிபோடுகிறார் என்று வீடு வரும்வரை யோசிப்பாள்.

கணவன் ஹரிஹரனுக்கு ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில் சமையல் மாஸ்டர் வேலை கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் பஸ் ஏறி இறங்கி அவன் களைத்துப் போனதும், மலைக்கே குடிபோய்விடலாம் என்று முடிவானது. எந்தப் பக்கம் குடிபோவது என்பதில்தான் சிக்கல்.

ஏற்காடு சின்ன ஊர்தான், ஆனால் பணமுள்ள ஊர். எஸ்டேட்காரர்களும், ஓய்வுக்கென்று பங்களா கட்டிய வெளியூர்க்காரர்களும், பெரிய பள்ளிக்கூடங்களும் நல்ல இடங்களையெல்லாம் வளைத்துக்கொண்டபின் சம்பளக்காரக் குடும்பத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

ஓட்டலில் உடன் வேலை பார்க்கும் கோகுல் முதலில் ஒண்டிக்கடை என்ற பகுதியில் ஒரு மாடி வீட்டைக் காட்டினான். பார்த்தது செவ்வாய்க்கிழமை, தெரு அமைதியாக இருந்தது. சுகுணா யாரிடமும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனாள். வண்டிகள் நகர இடமில்லாமல் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. எதிர் லாட்ஜின் பால்கனியிலிருந்து நான்கு பேர் நேராக அந்த வீட்டுச் சமையலறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்தது ஏரிக்கு மேல், ஒரு பங்களாவின் பின்கட்டு. வாடகையே வேண்டாம், குடும்பமாக இருந்தால் போதும் என்றார்கள். ஹரிஹரனுக்கு வாயெல்லாம் பல். சுகுணா அந்தத் தெருவை ஒரு முறை நடந்து பார்த்தாள். ஒரு வீட்டிலும் கொடியில் துணி காயவில்லை. எல்லாக் கதவுகளும் பூட்டிக் கிடந்தன. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிட ஓர் ஆள் இல்லை. முதலாளி வரும்போது யார் சமைப்பது, யார் கூட்டுவது என்று அவள் கேட்டதும், அதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் அங்கிருந்த மேனேஜர். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மூன்றாவதாகத்தான் கரடியூர் கிராமம். மிளகும் காப்பியும் போட்டிருந்த தோட்டத்தின் ஓரத்தில் ஓட்டு வீடு. அதை ஒட்டியே வீட்டுக்காரி கண்ணாயியின் வீடு. தண்ணீர் இருந்தது, பஸ் வந்தது, அக்கம்பக்கத்தில் குழந்தைகள் இருந்தன. ஆனால் பின்னால் ஓர் அறை பூட்டியிருந்தது. அதைக் காட்டச் சொன்னபோது கண்ணாயி காதில் விழாதது போல முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள். முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டதற்கு, இருந்தாங்க, போயிட்டாங்க என்றதோடு சரி. பக்கத்துத் தோட்டத்து அங்கப்பன் தலையை நிமிர்த்தாமல் களை வெட்டிக்கொண்டிருந்தார். டீக்கடையில் விசாரித்தால், நல்ல ஊடுதான் என்று சொல்லிவிட்டு கடைக்காரர் பாலைக் கலக்கப் போய்விட்டார்.

ஊரே சேர்ந்து எதையோ மூடுகிறது என்று சுகுணாவுக்கு உறுதியாகிவிட்டது. யாராவது அந்த அறையில் தூக்குப் போட்டுக்கொண்டார்களா? ஏதாவது வழக்கா? ஹரிஹரன் தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து அவள் ஓட்டலுக்கு வந்தபோது, வாசல் வாட்ச்மேனிடம் கண்ணாயி பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பழக்கடை மறைவில் நின்று காதைக் கொடுத்தாள். மாஸ்டர் குடிப்பாரா, சனி ஞாயிறில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவாரா, அது கட்டின பெண்சாதிதானா என்று கண்ணாயி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுகுணா மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏனுங்க, என்னையே கேட்டிருக்கலாமுங்களே?"

கண்ணாயி திடுக்கிடவில்லை. "உன்னயக் கேட்டா நீ நல்லதாத்தான சொல்லுவ, கண்ணு" என்றாள்.

சுகுணாவாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். இரண்டு பேரும் எதிரிலிருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கண்ணாயி மெல்ல விஷயத்தை அவிழ்த்தாள். முன்பு புருஷன் பெண்டாட்டி என்று இருவர் வந்தார்களாம். ஒரு மாதத்திலேயே சனிக்கிழமைதோறும் காசு கொடுத்துத் தங்கும் ஆட்களோடு கார்கள் வந்தன, பாட்டுச் சத்தம், குடி. ஒரு நாள் அடிதடியாகி போலீஸ் வந்தது. குடிவந்தவர்கள் கம்பி நீட்டிவிட்டார்கள். ஊர் கண்ணாயியைத்தான் கேள்வி கேட்டது. அங்கப்பன் அவளுடைய கொழுந்தன், அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். வெளியாளுக்கு இனி வீடு கொடுக்கக் கூடாது என்பது ஊர்ப்பேச்சு.

சுகுணா நம்பினாள் என்று சொல்ல முடியாது. அறையைத் திறந்து காட்டினால்தான் வருவேன் என்றாள். கண்ணாயி திறந்தாள். அவர்கள் போட்டுவிட்டுப் போன மெத்தைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் ஒலிபெருக்கிப் பெட்டி.

தை பிறந்ததும் குடிவந்தார்கள். ஆனாலும் கண்ணாயியின் கண் அவர்கள் வாசலிலேயே இருந்தது. சுகுணாவின் அண்ணன் குடும்பத்தோடு காரில் வந்த சனிக்கிழமை, கறிவேப்பிலை கேட்டு வந்தவள் வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றாள். சுகுணா எரிச்சலோடு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இது அண்ணன், இது அண்ணி என்று சொல்லிக் காட்டினாள்.

மாசியில் ஒரு மாலை, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். பழைய குடித்தனக்காரர். சிரித்த முகம். மலருக்குச் சாக்லேட் நீட்டினார். சுகுணா அதை வாங்க விடவில்லை. மெத்தைகள் அங்கேயே இருக்கட்டும், சனிக்கிழமைகளில் முன்னறையை மட்டும் வாடகைக்கு விட்டால் போதும், தங்க வரும் ஆட்களைத் தானே அனுப்புவதாகச் சொன்னார். மாஸ்டர் சமைத்தால் அதற்குத் தனியாகக் கொடுப்பதாகவும், சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிட்டால் கிழவிக்குத் தெரியாது என்றும் குரலைத் தாழ்த்தினார்.

சுகுணா அவர் முகத்தையே பார்த்தாள். அண்ணன் வந்த அன்று கண்ணாயி அப்படி நின்றது எதற்கென்று இப்போது புரிந்தது. அவள் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"கண்ணாயிம்மா, செத்த வாங்க. இவரு என்னமோ சொல்றாருங்க, உங்க முன்னால சொல்லட்டும்."

கண்ணாயி வந்தாள். அங்கப்பனும் தோட்டத்தை விட்டு வந்து கார் பக்கத்தில் நின்றார். சாமானை எடுத்துப் போகத்தான் வந்தேன் என்றார் அந்த ஆள். அப்படியானால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள் சுகுணா. மறுநாளே வேன் வந்து அறை காலியானது.

வேன் போனபின் அங்கப்பன் முதன்முறையாக அவர்கள் வாசலுக்கு வந்தார். "நீங்க எத்தன வருசம் இருப்பீங்கம்மா?" என்று கேட்டார்.

எதற்காகக் கேட்கிறார் என்று சுகுணா யோசித்தாள். "இருக்கற வரைக்கும் இருப்பமுங்க" என்று சொல்லிவிட்டு, காலி அறையில் பல்லி எச்சத்தைக் கூட்டப் போனாள்.