எசமானுக்கு ஏழு பேர்

ஏலாக்குறிச்சி தேவசகாயத்துக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. நாகப்பட்டினத்துப் பாய்க்கப்பலில் பத்து வருஷம் அம்பா பாடியவன். பாய் ஏற்றும்போதும் நங்கூரம் தூக்கும்போதும் எல்லோரும் ஒரே மூச்சில் கயிற்றை இழுப்பதற்கான பாட்டு அது. பாடுகிறவன் கயிற்றைத் தொடமாட்டான். அவன் நின்றபடி அடி எடுத்துக் கொடுப்பான். மற்றவர்கள் 'ஏலேலோ' என்று இழுப்பார்கள்.

யுத்தத்தில் கப்பல் முடங்கியதும் ஊருக்கு வந்தான். வந்த ஆள் சும்மா இருந்தானா? சோற்றுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவான். கூரைக்குக் கீழே தூக்கம் வராது. காற்று திசை மாறினால் கொள்ளிடக் கரைவரை நடந்துவிட்டு வருவான். அங்கே என்ன இருக்கிறது, மணலைத் தவிர!

மனைவி இன்னாசிமேரிக்கு ஒரே பயம். யுத்தம் முடிந்த மறு வருஷம், கப்பல்கள் மறுபடி கிளம்பப்போவதாகப் பேச்சு வந்தது. இந்த மனுஷன் போய்விட்டால்? பண்ணையார் அமிர்தலிங்கத்தின் வீட்டுக்கு நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கினாள். நிலம் இருந்தால் ஆள் நிற்பான் என்று நம்பினாள், பாவம்.

அந்த மாசியில் பண்ணையார் தம் கிணற்றுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஆயில் இன்ஜின் வாங்கி வந்தார். கொள்ளிட மணலில் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதைந்தது. ஆணும் பெண்ணுமாக ஊரே திரண்டு வடம் கட்டி இழுத்தது, ஆளுக்கொரு பக்கமாக. பண்ணையாரோ வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

தேவசகாயத்தால் பார்த்துக்கொண்டு நிற்க முடிந்தால்தானே! முன்னால் போய்க் குரல் எடுத்தான். இரண்டாவது அடியிலேயே கூட்டம் ஒன்றாக இழுத்தது, வண்டி அசைந்தது. அந்த உற்சாகத்தில் கப்பல் வழக்கம் நாக்கில் வந்துவிட்டது, அதுதான் வினை. கப்பலை நடத்தும் தண்டலைக் கிண்டல் செய்து அம்பாவில் ஓர் அடியாவது வரும். தண்டல் கோபிக்கக் கூடாது. சிரித்துவிட்டுப் பாடினவனுக்குப் புகையிலை கொடுக்க வேண்டும்.

"இன்ஜினுக்கு நாலு பேரு!"

"ஏலேலோ!"

"எசமானுக்கு ஏழு பேரு!"

சிரித்த சிரிப்பில் வண்டி கரையேறிவிட்டது. பண்ணையார் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவருடைய காரியக்காரர் தங்கசாமி வாசலில் வந்து நின்றார். "எசமான் கால்ல வுழுந்து மன்னிப்புக் கேட்டாத்தான் நெலமாம். இல்லன்னா வுட்டுடணுமாம்."

தேவசகாயம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். "வுழுந்துட்டு வரேன் மேரி. நீ பட்ட பாடு வீணாப் போவக் கூடாது."

இன்னாசிமேரி வாசலை மறித்துக்கொண்டாள். வடம் இழுத்து அவள் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

"நானும்தான் வடம் புடிச்சேன். நானும்தான் சிரிச்சேன். கல்யாணமாயி இத்தன வருசத்துல நேத்துதாங்க ஒங்க மொகத்துல சந்தோசத்தப் பாத்தேன்."

தங்கசாமியிடம், "நெலத்த எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள். அவர் போனதும் புருஷன் பக்கம் திரும்பினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கப்பல் எப்பங்க கெளம்புது?"