வெயிட்டைக் கேட்காமல் விங் கொடுத்த கடை

"இன்னைக்கும் எழும்பலைன்னா விட்டுடறேன் தம்பி. அடுத்த வாரம் குறுவை அறுப்பு, மில்லை விட்டு அசைய முடியாது. அது முடியறதுக்குள்ள காத்தே போயிடும்."

வேதாரண்யம் பக்கம், காற்றைப் பிடித்துப் பலகையில் கடல்மேல் ஓடும் விண்ட்சர்ஃப் கடையில் எனக்கு வேலையின் முதல் நாள். சொன்னவர் செல்வி அக்கா. திருவாரூர் அருகே ரைஸ் மில் நடத்துகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். மூன்று ஞாயிறாக வந்து விழுந்துகொண்டிருந்தாராம். கரையில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த அவர் கணவர் சிரித்தார். "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. ஆவணியே வந்துடுச்சு, இவ பறக்கலை."

அக்கா சிரிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

தொழிலுக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பலகைக்கு அடியில் மாட்டும் ஃபாயில், தண்ணீருக்குள் ஓடும் ஒரு குட்டி விமானம். அதன் முன் விங்தான் பலகையை நீருக்கு மேலே தூக்குகிறது. பெரிய விங் மெதுவான வேகத்திலேயே தூக்கிவிடும், சின்னதுக்கு வேகம் வேண்டும்; ஆள் கனமென்றால் பெரியதுதான் சரி. முன் விங்கையும் பின் விங்கையும் இணைக்கும் தண்டுதான் ஃப்யூஸலாஜ். நீளமானது நிதானமாகப் போகும்; குட்டையானது சட்டென்று திரும்பும், ஆனால் பலகையின் மூக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வளைகுடா நாட்டுக் கடற்கரையில் பல வருடம் இதையே செய்தேன். அங்கே முதல் கேள்வி, ஆள் எத்தனை கிலோ என்பதுதான்.

இங்கே அதற்குத்தான் தடை. ஓனர் கூத்தாநல்லூர் பாய் மரியாதை பார்ப்பதில் மன்னர். "பொம்பளைங்ககிட்ட வெயிட்டு கேப்பாங்களா? அவங்க ஃபோன்ல அறுபத்தஞ்சுன்னாங்க, அதுக்கே போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார். மாட்டியிருந்தது சின்ன விங், குட்டை ஃப்யூஸலாஜ். நாள் முழுக்க நெல் மூட்டைக்கு எடை போடுகிறவர், தன் எடையில் மட்டும் கொஞ்சம் தள்ளுபடி செய்திருந்தார்.

நான் அக்காவிடம் எடையைக் கேட்கவில்லை. "அக்கா, நான் தொண்ணூத்திரெண்டு கிலோ. சின்ன விங்குல போனா நானும் விழத்தான் செய்வேன்" என்றேன். பாய் இருமினார்.

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்களுக்கு மாட்டறதையே எனக்கும் மாட்டுங்க."

பெரிய விங்கையும் நீள ஃப்யூஸலாஜையும் மாட்டி அனுப்பினேன். கொஞ்ச தூரம் நீரைக் கிழித்துக்கொண்டு போன பலகை, சத்தம் நின்று மெல்ல மேலே எழுந்தது. கணவர் ஃப்ளாஸ்க்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

திரும்பி வரும்போது கரை முழுக்கக் கேட்கும்படி அக்கா கத்தினார். "எண்பத்தெட்டு! எண்பத்தெட்டு கிலோவும் பறந்துச்சு தம்பி!"

"எங்கிட்டயும் அறுபத்தஞ்சுன்னுதானே சொன்னே?" என்றார் கணவர்.

"அது கெடக்குது. நான் பறந்ததைப் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன், பாத்தேன். இன்னொரு தடவை போயிட்டு வா."

நம் ஊரில் அடுத்தவர் எடையைக் கேட்பதற்கு முன் நம் எடையைச் சொல்லிவிட வேண்டும். இப்போது ஃபோன் வந்தால், பாய் சலாம் சொன்ன கையோடு பேசுவது இதுதான்: "நான் எழுபத்தெட்டுங்க. நீங்க?"