நாலு பேர் இருந்த வீட்டில் ஏழுமலை அண்ணன்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹார்ட் அட்டாக். செஞ்சி நெல் மண்டியில் பதினோரு வருஷம் என்னோடு எடை போட்டவர்.

அவரோடு தியேட்டருக்குப் போனால் நமக்கு மானம் போகும். திரையில் இருப்பவனோடு பேசுவார். "டேய், கதவுக்குப் பின்னாடி நிக்கிறான்டா, போவாத!" முன் வரிசை திரும்பி முறைக்கும். கொஞ்ச நேரத்தில் அவர்களும் சேர்ந்து கத்துவார்கள்...

அப்புறம் மகன் சரவணன் பெரிய டிவி வாங்கி ஓடிடி போட்டான். முதல் வாரம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு சீரீஸ், ஆளுக்கொரு போன். இவர் கத்துவது தொல்லை என்று இவருக்கும் ஒரு போன், ஒரு ஹெட்செட், தனி ரூம்.

"இன்னா படம்ணே பாக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எந்த ஊரு படம்னே தெரியலப்பா. தமிழ்ல பேசுறானுங்க. எபிசோடுக்கு ஒருத்தன் சாவுறான். ஒண்ணு முடிஞ்சா அதுவா அடுத்தது வந்துடுது."

இப்போதெல்லாம் படம் பார்க்கும்போது பேசுவதில்லை என்றார். யாரிடம் பேசுவது...

போன அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரைப் பார்த்தேன். முழங்கையில் கட்டு.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன். கத்தினேன், கத்தினேன்... ஒருத்தரும் வரல. எல்லாரும் காதுல மாட்டிக்கினு இருந்தாங்க. அப்புறம் நானே எழுந்து வந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் நாலு பேர் இருந்திருக்கிறார்கள். அண்ணி, சரவணன், மருமகள், பேத்தி. நாலு மணிக்கு மருமகள் டீ கொண்டு போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

போனில் ஏதோ எபிசோடு ஓடிக்கொண்டிருந்ததாம். ஹெட்செட் கதவோரம் தரையில் கிடந்திருக்கிறது.

சுடுகாட்டில் சரவணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சித்தப்பா... ஹெட்செட்ட கழட்டிப் போட்டுருக்காரு. நைனா எங்கள கூப்ட்டிருப்பாரா?"

"இல்லடா. தூக்கத்துலயே போயிருப்பாரு."

எனக்குத் தெரியாது. அப்படித்தான் சொன்னேன்.

அவன் கையை விடவில்லை.

பார்த்துப் போங்கண்ணே.