நாலு டயரும் வழுக்குப் பாறையும்

எங்கள் தோட்டத்துத் துரையின் மோட்டாருக்கு டயர் தேர்ந்தெடுத்தவள் நான்தான் என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். தேர்ந்தெடுத்தவர் மாமாதான். ஆனால் அதற்காக ஓடைக்குள் இரண்டு தடவை விழுந்து எழுந்தவள் நான். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க இன்றும் மனமில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைக்கு இரண்டு மைல் கட்டை தள்ளி இருந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்பு மோட்டார் ஒன்று இருந்தது. வேகத்துக்கென்றே செய்த வண்டி. அதைக் கழற்றிப் பூட்டிப் பார்த்துக்கொள்வது என் அம்மாவின் தம்பியான மாமா. துரை ஓட்டும்போது பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து போவதும் அவர் வேலைதான். மாமாவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

பண்டாரவளைப் பக்கத்துத் துரை ஒருவர் எங்கள் துரையைப் பந்தயத்துக்கு அழைத்தார். பண்டாரவளையிலிருந்து பதுளைப் பாலம் வரை, யார் முதலில் என்று பார்த்துவிடுவது. எங்கள் மோட்டாரின் டயர்களோ தேய்ந்து உள்ளே துணி தெரிந்தது. கொழும்பிலிருந்து புதிது நான்கு வரவழைக்க வேண்டும். எதை என்பதில்தான் தகராறு வந்தது. வெயிலுக்கு வழவழப்பான டயர், மழைக்கு இரும்பு ஆணி பதித்த டயர் என்பது துரைமார் வழக்கம். மாமா இரண்டும் வேண்டாம் என்றார். ரப்பரிலேயே வரி வரியாகப் பள்ளம் விட்ட டயர் புதிதாக வந்திருந்தது. அதுதான் வேண்டும் என்று நின்றார்.

"பொறப்படுறப்ப வெயிலடிக்கும் தொரை. தெமோதர வளைவுக்கு வர்றப்ப மழ புடிச்சுக்கும். நடுவழியில டயர் மாத்த முடியுங்களா?"

வரி டயர் வேகத்தைக் குறைக்கும் என்று துரை எதிலோ படித்திருந்தார். நீ சொல்வது தவறானால் உனக்கு வேலை இல்லை என்று கத்திவிட்டுப் பங்களாவுக்குள் போய்விட்டார்.

மாமா பதுளைக்குப் போய், தெரிந்த டிரைவர்களிடம் மூன்று வகையிலும் கழித்துப்போட்ட டயர் துண்டுகளை வாங்கிவந்தார். ஒவ்வொன்றையும் ஒரு பலகைக்கு அடியில் வைத்து ஆணியடித்தார். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓடைக்குள் சரிந்து இறங்கும் கரும்பாறை ஒன்று உண்டு. பலகையை அதன் மேல் வைத்து என்னை உட்காரச் சொன்னார். பாறை காய்ந்திருந்தபோது மூன்றும் அசையவில்லை. பிறகு வாளித் தண்ணீரை ஊற்றினார். சேற்றுக்குப் பேர்போன ஆணி டயர்தான் முதலில் கிறீச்சென்று சறுக்கியது. நான் ஓடைக்குள் கிடந்தேன். வழவழப்பான டயரும் சற்றுப் பொறுத்து என்னை அங்கேயே சேர்த்தது. வரி டயர் மட்டும் நகரவே இல்லை. மாமா பாறையின் மேலேயே குதித்தார்.

மறுநாள் மாமா துரையை அங்கே அழைத்துவந்தார். நான் ஈரப் பாறையில் வரி டயர்ப் பலகையில் ஏறி, ஒரு மகாராணியைப் போல உட்கார்ந்து காட்டினேன். துரை நம்பவில்லை.

"சின்னப் புள்ள, கனம் இல்லே" என்று சொல்லி, பெரிய ஆள் உட்கார்ந்தால் வழவழப்பான டயரும் நிற்கும் என்று காட்ட அந்தப் பலகையில் தாமே உட்கார்ந்தார்.

தொப்பியோடு ஓடைக்குள் போனார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. துரை எழுந்து நின்று, மீசையில் தண்ணீர் சொட்ட என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரே வெடித்துச் சிரித்தார். அன்றே கொழும்புக்குத் தந்தி போனது.

பந்தயத்தன்று தோட்டத்தில் பாதிப்பேர் பதுளைப் பாலத்தில் நின்றோம். மாமா துரைக்குப் பக்கத்து ஆசனத்தில் போயிருந்தார். மாமாவைக் கட்டி வந்த அத்தையும் என் கையைப் பிடித்தபடி நின்றாள். தெமோதரைப் பக்கம் மலை கறுத்தது. சற்று நேரத்தில் எங்கள் மேலும் மழை கொட்டியது. அத்தை என் கையை நெரித்த நெரிப்பில் எனக்கு வலித்தது. அப்போது வளைவில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. எங்கள் மோட்டார்! சகதியை வாரி இறைத்துக்கொண்டு, கோடு போட்டதுபோல் நேராக வந்து பாலத்தைத் தாண்டி நின்றது. வெயில் இருந்தவரை மற்றத் துரைதான் முன்னால் போனாராம். மழை பிடித்ததும் அவருடைய வழவழப்பான டயர்கள் வழுக்கி, வண்டி ஒரு சுற்றுச் சுற்றித் தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றுவிட்டதாம். நல்லவேளையாக அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

தப்பு மேளம் முழங்கியது. துரை மாமாவின் கையைப் பிடித்து எல்லோருக்கும் தெரிய உயர்த்தினார். "எங்க மாமா! எங்க மாமா!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். யார் யாரோ மாமாவுக்கு மாலை போட்டார்கள்.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். மாலையை அவள் பார்க்கவே இல்லை. மாமாவின் தோளைத் தொட்டாள், முழங்கையைத் தொட்டாள், சேறு தெறித்த முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் பசறை ரோட்டில் ஒரு மோட்டார் வழுக்கிப் பள்ளத்தில் உருண்டதையும், ஓட்டிய துரை பிழைத்துக்கொள்ள, பக்கத்து ஆசனத்தில் இருந்தவன் பிழைக்காததையும் பெரியவர்கள் பேசக் கேட்டுத்தான் இருந்தேன். அது வேறு கதை என்று நினைத்துவிட்டேன். எவ்வளவு தூரம் முந்தி வந்தோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று, வழி நெடுக நான் அத்தையோடு பேசாமலே நடந்தேன்.