பிரசவ அறை இருந்த இடம்

காலடிப்பேட்டையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் நான் சேர்ந்தபோது, சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதன் சொந்தக்காரரான பெரிய டாக்டர் கடன் வாங்கியே நடத்திக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் முடியாமல், நகரத்தில் பல ஆஸ்பத்திரிகள் வைத்திருந்த குழுமத்திடம் அதை விற்றுவிட்டு, அங்கேயே டாக்டராகத் தொடர்ந்தார்.

நல்லதும் நடந்தது. எல்லாக் கிளைகளுக்கும் மொத்தமாக வாங்கியதால் மருந்து மலிவாகக் கிடைத்தது. ஒழுகிய கூரை சரியானது. முதல் தேதியே சம்பளம். ஆனால் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்த்தது. இங்கே பிரசவப் பிரிவு நஷ்டம், பெரம்பூர்க் கிளையிலும் அதே பிரிவு இருக்கிறது, இரண்டு எதற்கு என்று கேட்டார்கள்.

"எண்ணூர்ல இருந்து வலியோட வர்றவ பெரம்பூர் வரைக்கும் எப்படிப் போவா?" என்றார் பெரிய டாக்டர்.

ஆம்புலன்ஸ் தருகிறோம் என்றார்கள். பிரசவ டாக்டரைப் பெரம்பூருக்கு மாற்றினார்கள். பிரசவ அறையில் ஸ்கேன் மெஷின் வந்தது. எங்கள் கிளை லாபம் காட்டத் தொடங்கியது.

அந்த மழைக்காலத்தில் எண்ணூர்க் குப்பத்திலிருந்து ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தலைப்பிரசவம். நர்ஸ் அவளை அவசரமாக ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. குழந்தை வண்டிக்குள்ளேயே பிறந்தது. அழவில்லை.

அவள் பிழைத்தாள். அடுத்த முறை, மாதம் நெருங்கும் முன்பே பெரம்பூரில் உறவினர் வீட்டில் போய்த் தங்கிக்கொண்டாள். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது.

அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு மத்தியானம் எங்களிடம் வந்தாள். திரும்பிப் போகும்போது ஸ்கேன் அறை வாசலில் நின்றுவிட்டாள். நான் என்னவென்று கேட்டேன்.

"யக்கா, உள்ள கொழந்த அழுவுது. உனுக்குக் கேக்கலியா?"

"அது மெஷின் சத்தம்மா."

"இல்லக்கா. என் மொத புள்ள அது. இங்க பொறக்கத்தான வந்துச்சு? வூட்டுக்கு வர வழி தெரியாம இங்கியே கீது."

தோளில் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவில் கை வைத்துச் சற்று நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அந்த வாரம் எங்கள் கிளையின் லாபத்தைப் பாராட்டித் தலைமை அலுவலகம் இனிப்பு அனுப்பியது. எல்லோரும் சாப்பிட்டோம். ஸ்கேன் மெஷினை அணைத்த பிறகு நான் அந்த அறை வழியாகப் போவதில்லை. பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிவிடுகிறேன்.